சின்ன அளவே போதுமாம்!

மூன்று நாளாக அக்காவும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பாகப்பிரிவினை இல்லை, சம்பந்தத் தகராறு இல்லை. கேமராவில் படம் எந்த அளவில் எடுப்பது என்பதுதான் சண்டை.

வெளியாள் கேட்டால் சிரிப்பான். கறாரக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த மாலை நாளிதழ் ஒரே குடும்பத்தின் கையில் இருந்தது. அப்பா ஆசிரியர். தம்பி மேனேஜர். அக்கா முதல் பக்கம் கட்டுகிறவள். ஒரு வரி மிஞ்சினாலும் விடமாட்டாள் என்பதால் அலுவலகம் அவளுக்கு வைத்த பெயர்தான் கறாரக்கா. அவள் கணவர் புகைப்படக்காரர். கீழே அச்சு இயந்திரம், நடுவில் அலுவலகம், மேலே வீடு. சாப்பாட்டு மேசையில் ஆரம்பிக்கிற சண்டை ஒரு மாடி இறங்கி வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் மறுபடியும் ஏறி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும்.

இதுவும் மேசையில்தான் ஆரம்பித்தது.

"நம்ம பேப்பர்ல பெரிய படம்னா எவ்வளவு? அஞ்சு பத்தி. பத்து அங்குலம்" என்றான் தம்பி, தட்டைத் தள்ளி வைத்துவிட்டு. "நம்ம தாளுக்கு அங்குலத்துக்கு இருநூறு புள்ளி இருந்தாப் போதும். ஆக, ரெண்டாயிரம் புள்ளி. மாமா ஆறாயிரம் புள்ளியில எடுத்துட்டு வர்றார். கம்ப்யூட்டர் முக்குது. ஃபோன்ல அனுப்பினா, படம் வந்து சேர்றதுக்குள்ள பக்கம் மூடிடுது. எதுக்கு இந்த ஊதாரித்தனம்?"

"முழுப் படத்தையும் போடுறதா இருந்தா உன் கணக்கு சரி" என்றாள் அக்கா. "ஒரு மூலையை மட்டும் வெட்டிப் போடணும்னா?"

"வெட்டத் தேவையில்லாம எடுக்கச் சொல்லு."

"எந்த மூலை நாளைக்கு வேணும்னு இன்னிக்கே தெரிஞ்சா, நாம எதுக்குடா பேப்பர் நடத்தணும்? ஜோசியம் பார்க்கலாம்."

அப்பா "பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். அந்த வீட்டில் அவர் "பார்ப்போம்" என்றால், மகன் நினைத்தது நடக்கும் என்று பொருள். மறுநாள் காலை அறிவிப்புப் பலகையில் உத்தரவு தொங்கியது: இனி எல்லாக் கேமராவிலும் சிறிய அளவு மட்டுமே. கறாரக்கா அதைக் கிழித்துக் கூடையில் போட்டாள். கிழித்ததோடு அது தொலைந்தது என்றும் நினைத்துக்கொண்டாள்.

இன்று விடியும் வேளையில் புதுப் பேருந்து நிலையத்தின் கூரை விழுந்தது.

முதல் பேருந்துக்குக் காத்திருந்த ஒரு பெண் அந்த இடத்திலேயே உயிரை விட்டாள். பக்கத்தில் நின்றவர்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். காலைச் செய்தியில் நகரசபைப் பொறியாளர் கொஞ்சமும் தடுமாறாமல் பேசினார். முந்தின நாள்தான் தலைவரோடு போய் ஆய்வு செய்தார்களாம். எல்லாத் தூண்களும் கல்லு மாதிரி இருந்தனவாம். பின்னால் எடுத்த பேருந்து ஒன்று தூணை இடித்துவிட்டதாம். டிரைவரைப் பிடித்து வைத்திருக்கிறார்களாம்.

பக்கம் கட்டும் அறையில் ரேடியோவை அணைத்துவிட்டுக் கறாரக்கா திரும்பினாள். கணவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். சம்பவ இடத்திலிருந்து நேரே வந்தவர். தலை, மீசை, சட்டை எல்லாம் சிமெண்ட் தூசி.

"பொய் சொல்றான்" என்றார்.

"யாரு?"

"அந்த இன்ஜினியர். நேத்து ஆய்வுக்கு நானும் போயிருந்தேன். கடைசித் தூண்ல விரிசல் இருந்துச்சு. மேலேர்ந்து இடுப்பு உயரம் வரைக்கும். என் கண்ணால பார்த்தேன்."

"படம் எடுத்தீங்களா?"

"பூச்சு வெடிப்புன்னு நினைச்சுத் தூணைத் தனியா எடுக்கல. தலைவர் சிரிச்சுக்கிட்டு நின்னார். அவருக்குப் பின்னாலதான் அது. விழுந்திருக்கும்."

கறாரக்கா அதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நேற்றைய படங்களைத் திறந்தாள். நேற்று இரண்டாம் பக்கத்தில் தலைவரின் முகத்தை மட்டும் சின்னதாகப் போட்டதோடு மறந்துவிட்ட படம். இப்போது முழுசாகப் பார்த்தாள். தலைவர், பொறியாளர், இன்னும் நாலைந்து பேர், எல்லாருக்கும் வாயெல்லாம் பல். வலது ஓரத்தில், அவர்களுக்குப் பின்னால், கடைசித் தூண்.

தூணைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள்.

தூண் கட்டம் கட்டமாக உடைந்தது. சாம்பல் கட்டம், கறுப்புக் கட்டம், மறுபடியும் சாம்பல். நடுவில் ஏதோ ஒரு கறுப்பு இழுப்பு. அது விரிசலா, தண்ணீர்க் கறையா, தொங்கிய கயிற்றின் நிழலா என்று கடவுளே வந்து பார்த்தாலும் சொல்ல முடியாது.

படத்தின் அளவைப் பார்த்தாள். அகலம் இரண்டாயிரம் புள்ளி. அதில் தூண் இருந்த பகுதி ஐந்தில் ஒரு பங்கு. வெட்டினால் நானூறு புள்ளி. ஒரே ஒரு பத்திக்கு வரும், அதுவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு. ஆறாயிரத்தில் எடுத்திருந்தால் இதே தூண் மூன்று பத்திக்கு நிமிர்ந்து நின்றிருக்கும். விரிசலை விரலால் தடவிப் பார்க்கலாம் போல இருந்திருக்கும்.

"என்னங்க" என்றாள் திரும்பாமலே. "இது எந்த அளவு?"

அவர் சட்டைத் தூசியைத் தட்டினார்.

"உங்களைத்தான் கேக்கறேன்."

"சின்னது" என்றார். "மாப்ள வந்து கேமராவைக் கேட்டான். மாத்திக் குடுத்தான். நானும் சரின்னு விட்டுட்டேன்."

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொன்னா நீ அவனைக் கடிச்சுக் குதறுவே. அவன் என்னைப் பார்த்து மூஞ்சியைத் தூக்கி வெச்சுப்பான். வீட்டுல ஒரு வாய் நிம்மதியாச் சாப்பிட முடியாது."

"ஆக, உங்க சாப்பாட்டுக்காகச் சொல்லல."

"அப்படிச் சொல்லாதே."

"வேற எப்படிச் சொல்லணும்? ஒரு பொண்ணு செத்துக் கிடக்கா. ஒரு டிரைவர் ஸ்டேஷன்ல உட்கார்ந்திருக்கான், தான் செய்யாத தப்புக்கு. அவனைக் காப்பாத்தற படம் நம்ம கையில இருந்திருக்கணும். இருக்கு பாருங்க, கட்டம் கட்டமா! இதை வெச்சுத் தாயம் விளையாடலாம்."

அவர் தூசி படிந்த கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முகம் இன்னும் அழுக்கானதுதான் மிச்சம். கறாரக்காவுக்கு அதைப் பார்த்துக்கூட மனம் இளகவில்லை. தம்பி செய்தது அடாவடி. அதோடு நேருக்கு நேர் மோதலாம். இவர் செய்தது? தலையை ஆட்டிவிட்டு, பக்கத்திலேயே படுத்துத் தூங்கியிருக்கிறார்.

சத்தம் கேட்டுத் தம்பி வந்தான். மூன்று நாள் மௌனத்தை அவன்தான் உடைத்தான்.

"என்ன ஆச்சு?"

"வா. வந்து உன் சாதனையைப் பாரு" என்று திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

பார்த்தான். முட்டாள் இல்லை அவன். விஷயம் முழுவதும் உடனே பிடிபட்டது. முகம் வெளுத்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"அக்கா, போன மாசம் பக்கம் தாமதமாப் போய், பேப்பர் கட்டு வண்டியை விட்டுடுச்சே, அப்ப யாரு பதில் சொன்னது? நீயா? நான்தானே ஏஜெண்டுங்ககிட்ட ஏச்சு வாங்கினேன்?"

"தாமதம் ஆனா மறுநாள் சரிபண்ணிக்கலாம். எடுக்காத புள்ளியை எங்கே போய் வாங்கிட்டு வருவே?"

"ஆயிரத்துல ஒரு படத்துக்கு இப்படி வரும். அதுக்காக மத்த எல்லாத்தையும்..."

"அந்த ஒரு படத்துக்காகத்தாண்டா பேப்பர்! மத்ததெல்லாம் சிரிச்சுக்கிட்டு ரிப்பன் வெட்டறவங்க மூஞ்சி!"

அந்தச் சத்தத்தில் அடுத்த அறையில் தட்டச்சு நின்றது. தம்பி விருட்டென்று வெளியே போனான். அவன் போன விதத்தைப் பார்த்து, ஓடிப்போகிறான் என்றுதான் அக்கா நினைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தான். கையில் ஒரு தாள். கூடவே அப்பாவையும் அழைத்து வந்திருந்தான்.

"இதைப் பாரு. கம்ப்யூட்டர்ல போட்டுப் பெரிசு பண்ணிட்டேன். புதுசா ஒரு புரோகிராம் இருக்கு, இல்லாத புள்ளியை அதுவே நிரப்பிக்குது. நாலு பத்திக்குத் தாராளமா வரும்."

கறாரக்கா தாளை வாங்கினாள். தூண் அப்படியே பளிங்கு மாதிரி நின்றது. விரிசல் மின்னல் வெட்டியதுபோல மேலிருந்து கீழே ஓடியது. அப்பாவின் கண் அகன்றது.

"அடேயப்பா" என்றார். "இதைப் போட்டா இன்ஜினியர் வாயைத் திறக்க முடியாது."

கறாரக்கா கணவரிடம் தாளை நீட்டினாள். "நீங்க பார்த்த விரிசல் இதுதானா?"

அவர் வெகுநேரம் பார்த்தார். "இல்ல" என்றார் கடைசியில். "நான் பார்த்தது இடுப்பு உயரத்துல நின்னுடுச்சு. இது தரை வரைக்கும் போகுது. இந்தப் பக்கக் கிளையும் அங்க இல்ல."

"கேட்டியா?" என்று தம்பியிடம் திரும்பினாள். "இந்த விரிசலைப் போட்டது கான்ட்ராக்டரா, நீயா?"

"அக்கா, விரிசல் உண்மையிலேயே இருந்துச்சு. மாமாவே பார்த்திருக்கார். உண்மையைத்தானே தெளிவாக் காட்டறேன்?"

"நீ உண்மையைக் காட்டல. உண்மை எப்படி இருந்திருக்கும்னு ஒரு மெஷின் கற்பனை பண்ணினதைக் காட்டறே. இடிபாட்டுல அந்தத் தூணோட மேல்பாதி தூளாயிடுச்சு, இடுப்பு உயர அடித்துண்டு மட்டும் அப்படியே கிடக்கு. நாளைக்கு இன்ஜினியர் அதைக் கொண்டாந்து வெச்சு, 'பாருங்க, இங்க விரிசலே இல்ல, பேப்பர்காரன் வரைஞ்சிருக்கான்'னு சொன்னா? நம்ம மானம் போறது இருக்கட்டும். அந்த டிரைவர் கதி? அவனுக்காக நாம சொன்ன உண்மையும் பொய்யாயிடும்."

தாளை நாலாகக் கிழித்தாள். அந்த வாரத்தில் தம்பியின் தாளை அவள் கிழிப்பது இரண்டாவது தடவை.

"அப்ப என்னதான் செய்யச் சொல்றே?" அவனுக்கும் பொறுமை போய்விட்டது. "தப்பு பண்ணிட்டேன். ஒத்துக்கறேன். சரிபண்ண வழி சொன்னா அதையும் கிழிக்கிறே. நான் தூக்கு மாட்டிக்கணுமா?"

"சும்மா இருங்க ரெண்டு பேரும்" என்றார் அப்பா. "படமே வேண்டாம். இடிஞ்ச படத்தை மட்டும் போடுவோம். செய்தியை எழுதுவோம்."

படமே வேண்டாம். எத்தனை சுலபமாகச் சொல்லிவிட்டார்! கறாரக்கா பல்லைக் கடித்துக்கொண்டு திரைக்குத் திரும்பினாள். பெரிதாக்கியதைச் சுருக்கினாள். கட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து மறுபடி தூணாயின. இன்னும் சுருக்கினாள். முழுப் படமும் திரையில் வந்து நின்றது.

அப்போதுதான் கண்ணில் பட்டது. இவ்வளவு நேரமும் விரிசலையே தேடித் தேடி, அதற்குப் பக்கத்தில் இருந்ததைப் பார்க்காமல் விட்டிருக்கிறாள்.

"என்னங்க, இது என்ன? தூண்மேல சாய்ஞ்ச மாதிரி ரெண்டு கட்டை?"

கணவர் குனிந்தார். "முட்டு. விரிசல் ஞாபகத்துல இதை மறந்தே போயிட்டேன். ரெண்டு பக்கமும் மரம் வெச்சு முட்டுக் குடுத்திருந்தாங்க. அடியில ஆப்புகூட அடிச்சிருந்தது."

"மத்த தூணுக்கு?"

"இல்ல. இதுக்கு மட்டும்தான்."

நல்லாயிருக்கிற தூணுக்கு எவன் முட்டுக் கொடுப்பான்?

மரக்கட்டைகள் தடியாக, சாய்வாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்தன. பெரிதாக்கத் தேவையில்லை. வெட்டத் தேவையில்லை. முழுப் படத்தையும் போட்டால் போதும். முழுப் படத்துக்கு இரண்டாயிரம் புள்ளி தாங்கும். ஐந்து பத்தி. தம்பியின் கணக்கு அச்சுப் பிசகாமல் பொருந்தியது. அது அவள் எரிச்சலை இன்னும் கிளப்பியது.

"அஞ்சு பத்தி" என்றாள். "முதல் பக்கத் தலையில. கீழே இன்னிக்கு எடுத்த இடிபாடு."

அப்பா தயங்கினார். "தலைவர் பல்லைக் காட்டிட்டு நிக்கிறாரேம்மா. ஒரு சாவு விழுந்த அன்னிக்கு அந்த மூஞ்சியை அவ்வளவு பெரிசாப் போட்டா, வேணும்னே பண்ணினதா நினைப்பார்."

"சிரிச்சது அவர். நாம கிச்சுக்கிச்சு மூட்டலையே?"

அப்பாவின் உதட்டோரம் துடித்தது. வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையருகே வந்து நின்றபோது, 'பார்ப்போம்' அப்பா எங்கோ போய், பழைய ஆசிரியர் வந்திருந்தார்.

"சரி. ஆனா விரிசல்ங்கற சொல்லே பட விளக்கத்துல வரக் கூடாது. படத்துல தெரியறதை மட்டும் எழுது. 'நேற்று ஆய்வின்போது எடுத்த படம். பின்னால், மரத்தால் முட்டுக் கொடுக்கப்பட்ட கடைசித் தூண்.' அவ்வளவுதான். அதோட, இன்ஜினியர்கிட்ட முட்டைப் பத்திக் கேக்காம ஒரு எழுத்துகூட அச்சுக்குப் போகாது."

"நான் கேக்கறேன்" என்றான் தம்பி.

தொலைபேசியை எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்து, எண்ணை அழுத்தினான். பத்திரிகை பெயரைச் சொன்னான். பொறியாளர் காலையில் பேசியதையே மறுபடி ஒப்பித்தார்.

"சரிங்க சார். கடைசித் தூணுக்கு முட்டுக் குடுத்திருந்தீங்களே, அது எதுக்கு?"

"என்ன முட்டு?"

"ரெண்டு மரக்கட்டை சார். நேத்து நீங்க அதுக்கு முன்னாலதான் நிக்கிறீங்க. படம் என் முன்னால இருக்கு."

"அது... பூச்சு வேலைக்காக வெச்சது. வழக்கமா வைக்கிறதுதான்."

"மத்த தூணுக்கெல்லாம் பூச்சு வேலை இல்லீங்களா?"

இணைப்பு அறுந்தது.

"பூச்சு வேலைன்னு சொன்னாரில்ல, அதையும் அப்படியே போடு" என்றார் அப்பா. "அவர் சொன்னது அவர் வாயாலேயே வரட்டும்."

தம்பி அக்காவைப் பார்த்தான். ஒரு வார்த்தை எதிர்பார்த்தான் போலிருக்கிறது. அவள் பக்கம் கட்டிக்கொண்டிருந்தாள்.

மதியத்துக்குள் இயந்திரம் ஓடியது. முதல் பிரதி கைக்கு வந்ததும் கறாரக்கா ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தாளில் மை கொஞ்சம் பரவியிருந்தது. பல்வரிசைகள் மங்கியிருந்தன. கட்டைகள் இரண்டும் சுத்தமாக நின்றன. விரிசலை மட்டும் எங்கே தேடியும் காணோம். அவள் கணவர் கண்ணால் பார்த்தது, கேமராவும் பார்த்தது, இனி உலகத்தில் யாருமே பார்க்கப் போவதில்லை.

பேப்பர் கடைக்குப் போன சற்று நேரத்தில், தொலைபேசி ஓயாமல் அடித்தது. நிருபர் காவல் நிலையத்திலிருந்து கூப்பிட்டார். டிரைவரை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்களாம். வழக்கை முடிக்கவில்லை, ஆனால் அனுப்பிவிட்டார்கள். பொறியாளரைத்தான் இப்போது தேடுகிறார்களாம். அலுவலகமே கைதட்டியது. கறாரக்கா மட்டும் மாடியேறினாள்.

கணவர் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு சமையலறையில் நின்றுகொண்டிருந்தார். அவளுக்கும் ஒரு தட்டு வைத்திருந்தார். அவள் உட்காரவில்லை.

"டிரைவரை விட்டுட்டாங்களாமே" என்றார். "நல்லபடியா முடிஞ்சுதே."

"முடிஞ்சுது. நம்ம சாமர்த்தியத்தால இல்ல. எவனோ ஒருத்தன் தடியா ரெண்டு கட்டை வெச்சான், அதனால. மெல்லிசா வெச்சிருந்தா அதுவும் போயிருக்கும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். துண்டை மடித்தார். மறுபடி பிரித்து மறுபடி மடித்தார். அவளுக்கு அவரைத் தெரியும். இது வேறெதற்கோ ஆயத்தம்.

"இன்னும் என்ன பாக்கி வெச்சிருக்கீங்க?"

"காலையிலேயே சொல்லலாம்னு பார்த்தேன். பக்கம் கெட்டுடும்னு விட்டேன்." துண்டை ஓரமாக வைத்தார். "காலைப் பத்திரிகையிலேர்ந்து போன மாசம் கூப்பிட்டாங்க."

"உங்களையா?"

"என்னை எதுக்குக் கூப்பிடறாங்க? உன்னைத்தான். உன் நம்பர் இல்லைன்னு எனக்குப் பண்ணினாங்க. படப் பகுதி மொத்தமும் உன் பொறுப்பாம். கேமரா அளவுலேர்ந்து அச்சு வரைக்கும் நீ வெச்சதுதான் சட்டமாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"யோசிச்சுச் சொல்றேன்னு சொன்னேன்."

"நீங்க யோசிச்சீங்களா? எனக்காக?"

"நீ போயிட்டா இந்த வீடு ரெண்டாயிடும்மா. அப்பா உடைஞ்சு போவார். எல்லாம் நல்லதுக்குத்தான்..."

"கேமராவை மாத்தினது வீட்டு நிம்மதிக்கு. வேலையை மறைச்சது வீடு ரெண்டாகாம இருக்கறதுக்கு. இந்த வீட்டுல எனக்குத் தெரியாம இன்னும் எத்தனை நல்லது பண்ணி வெச்சிருக்கீங்க எல்லாரும்?"

படியில் காலடி கேட்டது. தம்பி, கையில் அன்றைய பேப்பரோடு, சமையலறை வாசலில் வந்து நின்றான். சமாதானம் பேச வந்த முகம். அக்காவின் கண்ணைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

"அக்கா, அந்த உத்தரவை நான் எடுத்துட்டேன். இனிமே எல்லாமே பெரிய அளவுதான். நீ சொன்னபடியே..."

கணவர் பதறிப்போய் அவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். இந்தப் பேச்சு மைத்துனன் காதில் விழக் கூடாது என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

கறாரக்கா தன் கைபேசியை எடுத்தாள்.

"அவன் இருக்கட்டும். அவனும் கேக்கட்டும்" என்றாள். "அந்தக் காலைப் பத்திரிகை நம்பரைச் சொல்லுங்க."